பெயரிடும் உரிமை: வரைகதையில் இயல் தலைப்பும் தலைப்புப் பக்கமும் – 'மௌஸ்' நூலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

வரைகதையில் இயலின் தலைப்பும் அது இடம்பெறும் பக்கமும் கதைசொல்லலின் பிரிக்க இயலாத உறுப்புகளாகும். ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' நூலில் கதையைத் தந்தை சொல்கிறார். இயல்களுக்குப் பெயரை மகன் இடுகிறார். இந்த வேறுபாட்டினால் தலைப்பு, தந்தையின் சாட்சியத்தின்மீது மகன் செய்யும் தலையீடாக மாறுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வில் ஐஸ்னர், ஆலன் மூர் – டேவ் கிப்பன்ஸ், மர்ஜான் சத்ரபி ஆகியோரின் படைப்புகள் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வரைகதை, இயல் தலைப்பு, தலைப்புப் பக்கம், மௌஸ், ஸ்பீகல்மன், சாட்சியம், சிலேடை

முன்னுரை

உரைநடை நாவலின் இயல் தலைப்பைப் படிக்காமலே கடந்துவிடும் வாசகர் உண்டு. வரைகதையில் அது எளிதன்று. தலைப்பின் எழுத்துகள் அச்சுக்கோத்தவை அல்ல. படத்தை வரைந்த கையே பெரும்பாலும் அவற்றையும் வரைந்திருக்கும். எழுத்தின் பருமன், சாய்வு, அது பக்கத்தில் பெறும் இடம், அதனைச் சூழ்ந்த கருமை ஆகிய யாவும் பொருள் தருவன. நூலின் தலைப்பு, முன்னுரை, சமர்ப்பணம், இயல் தலைப்பு முதலியவற்றைப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெத், 1987ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் 'வாயிற்படிகள்' என்னும் உருவகத்தால் குறித்தார். வாசகர் நூலுக்குள் நுழையக் கால்வைக்கும் இடம் என்பது அதன் கருத்து. உரைநடைக்கு இவ்வுருவகம் நன்கு பொருந்துகிறது. வரைகதைக்கோ இதனை அப்படியே பொருத்த முடியாது. அங்கே வாயிற்படியும் வீட்டுக்குள் ஓர் அறையாகிவிடுகிறது. தலைப்புப் பக்கத்தைப் பார்க்கும்போதே வாசகர் கதையின் முதற்காட்சியைப் பார்த்துவிடுகிறார்.

இவ்வாறாயின் ஒரு கேள்வி எழுகிறது. அந்த முதற்காட்சியை வாசகருக்குக் காட்டுபவர் யார்? கற்பனைக் கதையில் இக்கேள்விக்குப் பெரிய பயன் இல்லை. ஆசிரியர் என்று விடைசொல்லிவிடலாம். ஒருவர் பட்ட துன்பத்தை இன்னொருவர் வரையும் நூலில் அது அறம் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது.

தலைப்புப் பக்கத்தின் தோற்றமும் தேவையும்

தலைப்புப் பக்கம் கலையாக வளர்ந்ததற்கு அச்சுத்தொழிலின் நெருக்கடியே முதற்காரணம். வில் ஐஸ்னரின் 'தி ஸ்பிரிட்' 1940 ஜூன் 2 முதல் 1952 அக்டோபர் வரை அமெரிக்க நாளிதழ்களின் ஞாயிறு இணைப்பாக வெளிவந்தது. ஒவ்வொரு வாரமும் ஏழு அல்லது எட்டுப் பக்கங்களில் ஒரு முழுக்கதை. நாளிதழோடு சேர்ந்தே வருவதால் கடையில் தனித்து நின்று விலைபோக வேண்டிய அட்டை அதற்கு இல்லை. ஆகவே கதையின் முதற்பக்கமே அட்டையின் வேலையையும் செய்யவேண்டியிருந்தது. மாறாத வணிகச் சின்னம் ஒன்றை மேலே பொறித்துவிட்டுக் கதையைத் தொடங்குவதே அன்றைய வழக்கம். ஐஸ்னர் அதனைக் கைவிட்டார். நாயகனின் பெயரே வாரந்தோறும் வேறுவேறு உருவில் வந்தது. ஒரு வாரம் அவ்வெழுத்துகள் உயர்ந்த கட்டடங்களாகி நகரத்தெருவின் பகுதியாகவே நின்றன. பெயர் பக்கத்தின்மீது எழுதப்பட்டது போய், கதை நிகழும் உலகத்துக்குள் நின்றது.

பக்கங்கள் குறைவு என்பதை இங்கே மறந்துவிடலாகாது. எட்டுப் பக்கங்களில் ஒன்றைத் தலைப்புக்கே கொடுப்பவர் அதனை வீணாக்க முடியாது. இடம், பொழுது, அச்சம், எள்ளல் ஆகியவற்றை அந்த ஒரு பக்கமே சுமந்தாக வேண்டும். தமிழ் அகமரபு முதற்பொருள் என்று வகுத்த நிலமும் பொழுதும் ஐஸ்னரிடம் தலைப்புப் பக்கத்திலேயே நிறுவப்பட்டுவிடுகின்றன என்று சொல்லலாம்.

மூரும் கிப்பன்ஸும் 1986–87இல் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்ட 'வாட்ச்மென்' வேறொரு வழியை எடுத்தது. அதன் இயல் தலைப்புகள் பிறருடைய பாடல், கவிதை, கட்டுரை முதலியவற்றிலிருந்து வெட்டியெடுத்த தொடர்கள். வெட்டப்பட்ட தொடர் முதலில் தலைப்பாகத் தரப்படுகிறது. அத்தொடர் இடம்பெற்ற முழு மேற்கோள் இயலின் இறுதியில்தான் வருகிறது. ஒவ்வோர் இதழின் அட்டைப்படமும் கதையின் முதற்கட்டமாக அமைந்திருப்பது இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டும் அதனுள் வரும் சிறப்பான தொடர் ஒன்றாலேயே பெயர் பெறுவதைத் தமிழ் வாசகர் அறிவர். அங்கே பெயரைத் தருவது பாட்டின் உள்ளிருந்து, இங்கே வெளியிலிருந்து. ஆயினும் பெயரைப் படித்தவர் அத்தொடர் எங்கே வரும் என்று காத்திருக்கும் நிலை இரண்டுக்கும் பொது. ஐந்தாம் இயலில் இம்முறை உச்சம் பெறுகிறது. சமச்சீர்மையைக் குறிக்கும் பிளேக்கின் தொடர் ஒன்று தலைப்பாக, இயலின் பக்க அமைப்பே நடுப்பக்கத்தை அச்சாகக் கொண்டு கண்ணாடிப் பிம்பம்போல் மடிகிறது. இதில் வியப்பு உண்டு. சற்றே மிகையான சாமர்த்தியமும் உண்டு. தலைப்பு வாசகரின் கூர்மையைச் சோதிக்கிறது, மனத்தைக் கலக்குவதில்லை.

பொருட்பெயர்த் தலைப்புகள்: சத்ரபி

2000 முதல் 2003 வரை பிரெஞ்சில் நான்கு தொகுதிகளாக வந்த மர்ஜான் சத்ரபியின் 'பெர்சபோலிஸ்' தலைப்புக்கெனத் தனிப்பக்கம் ஒதுக்குவதில்லை. பக்கத்தின் உச்சியில் ஒரு கரும்பட்டை, அதில் வெள்ளை எழுத்தில் தலைப்பு, அருகே ஒரு சிறு படம்; அதற்குக் கீழே கதை தொடங்கிவிடுகிறது. முகத்திரை, மிதிவண்டி, கடிதம், நகைகள், சாவி, மது, சிகரெட், கடவுச்சீட்டு எனத் தலைப்புகளில் பல கையில் எடுக்கக்கூடிய பொருள்கள். புரட்சி, போர், தூக்குமேடை ஆகியவற்றைச் சொல்லும் நூல் இவ்வாறு எளிய பெயர்களைத் தேர்வது தற்செயலன்று. சிறுமியின் நினைவில் வரலாறு பொருள்களாகவே தங்குகிறது.

'சாவி' என்னும் இயல் இதற்குத் தக்க சான்று. போர்முனைக்கு அனுப்பப்படும் ஏழைச் சிறுவர்களுக்குப் பொன்வண்ணம் பூசிய பிளாஸ்டிக் சாவி கொடுக்கப்படுகிறது. அது சொர்க்கத்தின் கதவைத் திறக்கும் என்று சொல்லப்படுகிறது. இயலின் இறுதியில் கண்ணிவெடி நிலத்தில் தூக்கியெறியப்படும் சிறுவர்களின் கழுத்தில் அச்சாவிகள் ஆடுகின்றன. அதே பக்கத்தில் மர்ஜி தன் முதல் விருந்துக்குச் செல்கிறாள். அவள் அணிந்திருப்பது ஓட்டைகள் இட்ட கம்பளிச்சட்டையும் சங்கிலியும். தலைப்பு இதில் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 'சாவி' என்று மட்டும் சொல்லி விலகிக்கொண்டது. இயலைப் படித்து முடித்துத் தலைப்புக்குத் திரும்பும் வாசகருக்கு அச்சொல் முன்பிருந்த சொல்லாக இராது.

சத்ரபி தம் கதையைத் தாமே சொல்கிறார். பெயரிடுபவரும் பட்டவரும் ஒருவரே. எனவே தலைப்புப் பட்டை அடக்கமாக இருந்துவிட முடிகிறது. ஸ்பீகல்மனுக்கு அந்த வசதி இல்லை.

'மௌஸ்': தந்தையின் கதை, மகனின் தலைப்பு

'மௌஸ்' முதல் தொகுதி 1986இலும் இரண்டாம் தொகுதி 1991இலும் நூல்வடிவம் பெற்றன. 1992இல் அதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1980 முதல், ஸ்பீகல்மனும் பிரான்ஸ்வாஸ் மூலியும் நடத்திய 'ரா' இதழில் அதன் இயல்கள் வெளிவரத் தொடங்கின. பெரிய அளவிலான அவ்விதழுக்குள் ஒவ்வோர் இயலும் சிறிய தனி இணைப்பேடாக வைக்கப்பட்டது. நூலின் ஒவ்வோர் இயலும் ஒரு முழுநூல்போல் முகப்போடு தொடங்குவதை இப்பிறப்பு வரலாற்றோடு சேர்த்தே பார்க்கவேண்டும்.

போலந்து யூதரான விளாடெக், நாசிகளின் ஆட்சியில் தாம் தப்பிப் பிழைத்த கதையை நியூயார்க்கின் ரீகோ பார்க்கில் உள்ள வீட்டில் மகன் ஆர்ட்டிடம் சொல்கிறார், ஒலிநாடா ஓடுகிறது. யூதர் எலிகளாகவும் ஜெர்மானியர் பூனைகளாகவும் வரையப்பட்டிருப்பது பலரும் பேசியது. அதைவிடக் குறைவாகவே பேசப்பட்டிருப்பது, கதைக்குள் விளாடெக்கின் குரல் ஓயாமல் ஒலிக்க, இயலின் முகப்பில் மட்டும் அது இல்லை என்பது. அங்கே மகன் தனியே நிற்கிறார்.

முதல் இயலின் பெயர் 'ஷேக்'. ரூடால்ஃப் வாலன்டினோ நடித்து 1921இல் வந்த மௌனப் படத்தின் பெயர் அது. இளமையில் தம்மை அந்நடிகரைப் போல இருப்பதாகப் பிறர் சொன்னதை விளாடெக் பெருமையாக நினைவுகூர்கிறார். லூசியா என்னும் பெண்ணோடு கொண்ட தொடர்பையும், அவளைவிட்டு வசதியான குடும்பத்துப் பெண்ணான அன்யாவை மணந்ததையும் சொல்கிறார். தலைப்புப் பக்கம் இளைய விளாடெக்கைத் திரைக்காதலனின் சாயலில் நிறுத்துகிறது. பேரழிவைச் சொல்லப்போகும் நூல் இப்படித் தொடங்குவது வாசகரைத் திகைக்கவைக்கும்.

திகைப்பின் முழுப்பொருள் இயலின் கடைசிப் பக்கத்தில்தான் விளங்குகிறது. லூசியாவைப் பற்றிய செய்திகளை நூலில் எழுதவேண்டாம் என்று விளாடெக் கேட்கிறார். இவற்றுக்கும் இட்லருக்கும் தொடர்பில்லை, இவை தனிப்பட்டவை என்பது அவர் வாதம். இவை இருந்தால்தான் கதை உயிருள்ள மனிதரின் கதையாகும் என்று மகன் வாதிடுகிறார். பிறகு இணங்கி, எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறார். வாக்கு மீறப்பட்டது என்பதற்கு வாசகரின் கையிலிருக்கும் இயலே சான்று. இம்முரண் திறனாய்வாளர் பலரும் சுட்டியதே. தலைப்பையும் இதில் சேர்த்துக்கொள்ளும்போது முரண் இன்னும் கூர்மையடைகிறது. மறைக்கச் சொன்ன செய்தியை மகன் உள்ளே எங்கோ ஓரிடத்தில் சேர்க்கவில்லை. இயலின் நெற்றியில் எழுதினார். ஸ்பீகல்மன் வேறு பெயர் இட்டிருக்கலாம். அன்யாவைச் சந்தித்தது, திருமணம், சோஸ்னோவியெட்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது என இயலில் பெயராகத்தக்கன வேறும் உண்டு. தந்தை வேண்டாம் என்றதையே தலைப்பாகத் தேர்ந்தது துரோகமா, நேர்மையா என்பதை நூல் முடிவு செய்யவில்லை. இரண்டும்தான் என்று கொள்வதே பொருத்தம். வாக்கை மீறியதை மறைக்காமல் மீறியிருக்கிறார்.

'தேனிலவு' என்னும் இரண்டாம் இயலில் சொல்லும் படமும் பிரிந்து நிற்கின்றன. தலைப்பின் பின்னே ஸ்வஸ்திகம் பொறித்த நாசிக் கொடி. இயலுக்குள் சென்றால், மகப்பேற்றுக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான அன்யாவைச் செக்கோஸ்லோவாக்கியாவில் உள்ள நலவாழ்வு இல்லத்துக்கு விளாடெக் அழைத்துச் செல்லும் பயணம் அது. ஆண்டு 1938. தொடர்வண்டிச் சன்னல் வழியே அவர்கள் அக்கொடியை முதன்முறையாகக் காண்கிறார்கள். விளாடெக்கின் நினைவில் அப்பயணம் இனியது. அங்கே அவர்கள் நடனமாடினார்கள். கொடியைத் தலைப்பு வரை உயர்த்தியவர், பின்னால் நடந்ததை அறிந்த மகன். ஒரே பக்கத்தில் சொல் அன்று அறிந்ததைச் சொல்ல, படம் இன்று அறிந்ததைக் காட்டுகிறது. தலைப்புப் பக்கத்தால் மட்டுமே ஒரே நொடியில் செய்யக்கூடியது இது. உரைநடையில் இதற்கு இரண்டு வாக்கியங்களேனும் வேண்டும், அவற்றில் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகவே வரவேண்டும்.

நான்காம் இயலின் 'இறுகும் சுருக்கு' வழக்கில் தேய்ந்த உருவகம். ஆனால் இயலுக்குள் பங்கீட்டுச் சீட்டின்றிப் பொருள் விற்றதற்காக யூத வணிகர்கள் தெருவில் தூக்கிலிடப்பட்டுத் தொங்கவிடப்படுகிறார்கள். அவர்களில் விளாடெக் வணிகம் செய்தவரும் உண்டு. உருவகம் கயிறாகிவிடுகிறது.

மூன்றாம் இயலான 'போர்க்கைதி' தனியே நோக்கத்தக்கது. 1939இல் போலந்துப் படையில் போரிட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட விளாடெக்கையே தலைப்பு வெளிப்படையாகக் குறிக்கிறது. ஆனால் அவ்வியல் முடிவது ரீகோ பார்க்கில். மகனின் பழைய மேலங்கியை விளாடெக் கேட்காமலே குப்பையில் எறிந்துவிட்டுத் தம்முடைய அங்கி ஒன்றைக் கொடுக்கிறார். முப்பது வயதைத் தொட்ட மகன் சிறுபிள்ளைபோல் திகைத்து நிற்கிறார். 'எலிவளைகள்' என்னும் ஐந்தாம் இயலுக்குள், ஸ்பீகல்மன் 1972இல் வரைந்த 'நரகக் கோளில் கைதி' என்னும் நான்கு பக்கக் கதை முழுமையாகச் செருகப்பட்டிருக்கிறது. தாய் அன்யா 1968இல் தற்கொலை செய்துகொண்டதைப் பற்றியது அது. அதில் எலிகள் இல்லை. கோடுபோட்ட கைதியுடை அணிந்த மனிதனாக ஆர்ட் வருகிறார். அந்தப் பக்கங்களின் ஓரங்கள் கறுப்பு. நூலை மூடிப் பார்த்தாலும் தாள்களின் விளிம்பில் அவை கருங்கோடாகத் தெரியும். அச்செருகல் தன் தலைப்பையும் உடன்கொண்டே வருகிறது. தலைப்பினருகே 1958இல் எடுத்த ஓர் ஒளிப்படம்: நீச்சலுடையில் தாயும் பத்து வயது மகனும். அதனை வரையப்பட்ட கை ஒன்று பிடித்திருக்கிறது.

தந்தை போர்க்கைதி, மகன் நரகக் கோளின் கைதி. 'கைதி' என்னும் ஒரே சொல் இருவருக்கும் தலைப்பாகியிருப்பதை நூல் எங்கும் எடுத்துரைக்கவில்லை. ஒருவர் பட்டதை மற்றவர் பட்டதோடு ஒப்பிடுவது நாகரிகமற்றது என்பதை ஆர்ட் அறிவார். தம் துன்பத்தை விளாடெக்கின் துன்பத்தின் பக்கத்தில் வைத்துப் பேசும் வாக்கியம் எதையும் அவர் எழுதியிருக்க முடியாது. தலைப்புகளால் அதைச் செய்துவிட்டார்.

தலைப்பில் இல்லாத குரல் அன்யாவுடையது. அவர் எழுதிவைத்த குறிப்பேடுகளை விளாடெக் எரித்துவிட்டார் என்பது முதல் தொகுதியின் முடிவில், 'எலிப்பொறி' இயலின் கடைசிப் பக்கங்களில் தெரியவருகிறது. தந்தையைக் கொலைகாரர் என்று மகன் சொல்லிவிடுகிறார். அக்குறிப்பேடுகள் இருந்திருந்தால் ஓரியலேனும் அன்யாவின் சொல்லால் பெயர் பெற்றிருக்கக்கூடும். இரண்டாம் தொகுதியில் தந்தைக்கு அந்த இடம் கிடைக்கிறது. '...இங்கேதான் என் தொல்லைகள் தொடங்கின...' என்பது டாகௌ முகாமுக்கு வந்து சேர்ந்ததைப் பற்றி விளாடெக் சொல்வதிலிருந்து அமைந்தது. அவுஷ்விட்ஸைக் கடந்து வந்த ஒருவர், தொல்லைகள் அதற்குப் பின்தான் தொடங்கின என்கிறார். அது மூன்றாம் இயலுக்கும் தொகுதி முழுமைக்கும் பெயராயிற்று. முதல் தொகுதியின் துணைத்தலைப்பு தந்தையைப் பற்றி மகன் சொல்வது. இரண்டாவதில் பேசுவது தந்தை. இரண்டு தொகுதிகளும் நூலாகும் முன்பே, 1982இல், விளாடெக் இறந்திருந்தார்.

தமிழாக்கமும் தலைப்பும்

இத்தகைய தலைப்புகளைத் தமிழுக்குக் கொண்டுவர முயல்பவர் முதலில் தடுமாறும் இடம் இரண்டாம் தொகுதியின் இரண்டாம் இயல். அதன் பெயர் அவுஷ்விட்ஸ் என்பதோடு அடைப்புக்குறிக்குள் ஒரு சிலேடையைக் கொண்டது. ஆங்கிலத்தில் அத்தொடர் காலம் பறந்தோடுகிறது எனவும் பொருள்படும். அதில் வரும் வினைச்சொல்லே ஈக்களையும் குறிக்கும். இயல் தொடங்கும் பக்கத்தில் ஆர்ட் எலிமுகமூடி அணிந்த மனிதராக வரைபலகையின் முன் அமர்ந்திருக்கிறார். ஈக்கள் அவரைச் சுற்றுகின்றன. அவர் தேதிகளை அடுக்குகிறார்: தந்தை இறந்தது 1982 ஆகஸ்டில், இந்தப் பக்கத்தை வரையத் தொடங்கியது 1987 பிப்ரவரி இறுதியில், அந்த ஆண்டு மே மாதத்தில் தமக்குக் குழந்தை பிறக்க இருக்கிறது, 1944 மே 16க்கும் 24க்கும் இடையே அவுஷ்விட்ஸில் நச்சுவாயுவால் கொல்லப்பட்ட ஹங்கேரிய யூதர் ஒரு லட்சத்துக்கும் மேல், முதல் தொகுதி வெளிவந்தது 1986 செப்டம்பரில். கடைசிக் கட்டத்தில் பார்வை விலக, அவருடைய மேசையின் கீழே எலியுடல்கள் குவிந்து கிடக்கின்றன. ஈக்கள் எங்கிருந்து வந்தன என்பது அப்போது தெரிகிறது.

'காலம் பறக்கிறது' என்று தமிழில் எழுதினால் ஈ போய்விடும். 'ஈக்காலம்' என்றால் காலம் விரைவது போய்விடும். தமிழில் 'ஈ' என்பதற்குக் கொடு என்னும் பொருளும் உண்டாதலால் இரவலர் மரபுச் சிலேடை ஒன்றை அமைத்துவிடலாம்; அது வேறு நூலின் தலைப்பாகிவிடும். முதற்பொருளைச் சொல்லில் வைத்து, ஈயைத் தலைப்பின் எழுத்துகளிலேயே வரைந்துவிடுவது ஒரு வழி. புள்ளி வைக்கவேண்டிய மெய்யெழுத்து 'பறக்கிறது' என்னும் சொல்லிலேயே உண்டு. தலைப்பு வரையப்படுவது என்பதால் மட்டும் கிட்டும் வாய்ப்பு இது. மொழிபெயர்ப்பாளரும் எழுத்து வரைபவரும் சேர்ந்து அமர்ந்தாலன்றிக் கைகூடாது.

நான்காம் இயலின் தலைப்பு இன்னும் கடினமானது. ஆங்கிலத்தில் அது காப்பாற்றப்பட்ட நிலையைக் குறிக்கும் ஒற்றைச் சொல். எழுவாய் இல்லை, திணை இல்லை, எண் இல்லை. போர் முடியும் நாள்களில் விளாடெக் உயிர்தப்புவது அவ்வியலில் இடம்பெறுகிறது. ரீகோ பார்க்கில் அவர் ஒரு பெட்டி நிறைய ஒளிப்படங்களைத் திறந்து, உறவினர் ஒவ்வொருவரையும் காட்டி, யார் யார் இல்லாமற்போயினர் என்று சொல்வதும் அதே இயலில்தான். அன்யாவின் குடும்பத்திலிருந்து எஞ்சியவை பெரும்பாலும் அப்படங்களே. தமிழ் வினையாலணையும் பெயர் இங்கே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது: 'காப்பாற்றப்பட்டவர்' என்றால் விளாடெக், 'காப்பாற்றப்பட்டவை' என்றால் படங்கள். 'மீட்பு' என்னும் பெயர்ச்சொல் இரண்டையும் தழுவும். ஆனால் சமயச் சொல்லாகிய அதன் வாடை விளாடெக்கின் பேச்சுக்கு ஒவ்வாது. 'எஞ்சியவை' என்பது இப்போதைக்குப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. அஃறிணைப் பன்மையான அச்சொல்லுக்குள் அந்த மனிதரும் அடங்குவாரா என்பதை, தலைப்பைச் சுற்றி வரையப்படும் படத்தைக் கொண்டே தீர்மானிக்க இயலும்.